கூடுதல் ஒரு மணி நேரம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் என் தலையைத் தொட ஆட்கள் வருவார்கள்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில், கடலைப் பார்த்து அந்தோணியார் குருசடி இருக்கிறது. சிறிய கோயில். அதன் வலதுபக்கச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் அம்மா என்னை நிறுத்துவாள். ஜெபமாலை முடிந்து சுண்டல் கொடுப்பதற்கு முன்னால், நோய்ப்பட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையாக வருவார்கள். "குனிளா ஜெனோ" என்பாள் அம்மா. குனிவேன். பிடரியிலிருந்து மேலே ஏறும் தழும்பில் அவர்கள் விரல் வைப்பார்கள். சிலர் விரலில் மந்திரித்த எண்ணெய் இருக்கும். தொட்ட விரலை அப்படியே தங்கள் பிள்ளையின் நெற்றியில் தேய்ப்பார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்பார்கள்.

"பேசாதா?"

"நல்லாப் பேசுவா. கூச்சம்."

"வளரலியே?"

"அவ அப்பா குட்டை."

என் அப்பா பவுல் ஆறடி உயரம். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகும் தோணியில் இருக்கிறார். அதனால் வருகிறவர்கள் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு தடவை நாலு வயதுப் பெண் குழந்தையோடு ஒருத்தி வந்தாள். காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்கிறதாம், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கிறதாம். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, இன்னைக்கே" என்றேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். வந்தவளிடம், "ஒம்பது செவ்வாய் விடாம வாங்க" என்றாள். அந்தப் பெண் மறு செவ்வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாளா, வேறு கோயிலுக்குப் போனாளா, தெரியாது.

கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு வெள்ளித் தலை தொங்குகிறது. நேர்ச்சைக்கு அம்மா செய்து போட்டது. அதற்குக் கீழே என் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் முழுவதும் ஒரே கட்டாக நிற்க வைக்கப்பட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். சுகமானவர்கள் வைத்தியக் காகிதங்களை அந்தோணியாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டில் வைத்துக்கொண்டால் நோயை வீட்டில் வைத்துக்கொண்டதாக அர்த்தம். கட்டின் முதல் பக்கத்தின் மேல் அம்மா தன் கையால் எழுதிய சாட்சிக் கடிதத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தாள்.

"என் மகள் ஜெனோவுக்கு எட்டு வயதில் மூளையில் கட்டி வந்தது. மதுரையில் தலையைத் திறந்து பார்த்தார்கள். அங்கே கட்டி இல்லை. வாய் பேசாமல் போன பிள்ளை இந்தக் குருசடியில் பேசினாள். இப்போது பூரண சுகம். கோடி அற்புதர் அந்தோணியாருக்குத் தோத்திரம். ஆக்னஸ் பவுல்."

இதில் பேச்சைப் பற்றிய வரி உண்மை. ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் நான் பேசவில்லை. சிறுமூளையில் கட்டி எடுத்த பிள்ளைகளில் சிலருக்கு அப்படி ஆகும், தானாகத் திரும்பும் என்று மதுரை டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அது திரும்பிய அன்று நான் குருசடிக்குள் அம்மாவின் மடியில் இருந்தேன். "தண்ணி" என்றேனாம். அம்மா அலறிய அலறலில் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்களாம். அந்த அலறலை நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

மற்றதெல்லாம் வருடா வருடம் வளர்ந்தது. முதல் வருடம், "கட்டிய டாக்டர் எடுத்தாரு, பேச்ச அந்தோணியார் தந்தாரு" என்றுதான் சொன்னாள். மூன்றாம் வருடம் கட்டி கரைந்து கிடந்தது. ஐந்தாம் வருடம் கட்டியே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு முப்பது நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். முகத்துக்கு வலை மாதிரி ஒரு மூடி போட்டு, மேசையோடு சேர்த்துத் திருகி, எல்லோரும் வெளியே போய்க் கதவை மூடிவிடுவார்கள். அந்த முப்பது நாளும் கதையிலிருந்து காணாமல் போயின. நான் அந்த மேசையில் படுத்திருந்தவள். எனக்கு எப்படிக் காணாமல் போகும்?

எனக்கு இப்போது பத்தொன்பது வயது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உயரம். இடது காது கேட்காது. நடந்தால் கால் அகன்று விழும். திரும்பும்போது சுவரைப் பிடிக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, சாகும்வரை. மத்தியானம் இரண்டு மணிக்கு உடம்பு தானாக அணைந்துவிடும். ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லி, இன்னொருவர் குறுக்கே பேசினால் முதலாவது அழிந்துவிடும். அதனால் பாவாடைப் பையில் சின்ன நோட்டும் பேனாவும் வைத்திருப்பேன். செவ்வாய்க்கிழமைகளில் அம்மா நோட்டை வாங்கி வைத்துவிடுவாள். சுகமான பிள்ளைக்கு எதற்கு நோட்டு?

கை நடுங்கும். எழுத முடியும், மெதுவாக. ஒன்பதாம் வகுப்பில் என் பரீட்சைத் தாள்கள் எல்லாம் பாதியில் நிற்கும். மீதிப் பாதிக்கும் எனக்குப் பதில் தெரியும். மணி அடித்ததும் பிடுங்கிவிடுவார்கள். பதினெட்டு, இருபத்தொன்று, பதினாறு. மதிப்பெண்களைச் சத்தமாக வாசிக்கும் டீச்சர் ஒருவர் இருந்தார். என் முறை வரும்போது, "அடுத்தது நம்ம ஆமை" என்பார். ஒரு நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிறகு போகவில்லை. "கூச்சம், அதான் போக மாட்டேங்கா" என்று அம்மா தெருவில் சொன்னாள்.

அரசு ஆஸ்பத்திரியில் பிசியோவாக இருக்கும் ஸ்ரீஜா அக்காதான் ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொன்னது. ஆழ்வார்திருநகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். யாரிடமும் இனிமையாகப் பேசிப் பார்த்ததில்லை.

"பத்தாங்கிளாஸ் பிரைவேட்டா எழுதலாம்லா? ஒனக்கு எட்டாங்கிளாஸ் சர்ட்டிபிகேட் இருக்குல்லா?"

"எழுதி முடிக்க மாட்டேன்க்கா."

"மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட் இருந்தா ஒரு மணி நேரம் கூடக் குடுப்பாங்க. வேணும்னா ஒனக்குப் பதிலா எழுத ஆளும் தருவாங்க."

"ஆள் வேண்டாம். நேரம் போதும்."

"அப்பம் போய்க் கேளு. கேக்காட்டி ஒருத்தனும் வீட்டுக்குக் கொண்டாந்து தர மாட்டான். என்னயப் பாத்து முழிக்காத, கையை மடக்கு, பத்து தடவ."

விண்ணப்பத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார். சான்றிதழ் நகலை ஜனவரி முடிவதற்குள் கல்வி அலுவலகத்தில் சேர்த்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். இல்லாவிட்டால் கிடையாது.

மருத்துவக் குழு புதன்கிழமை கூடும். யாரிடமும் சொல்லாமல் போனேன். டாக்டர் என் பின்தலையைப் பார்த்தார், காதைத் தட்டினார், கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்.

"தழும்ப வச்சு நான் எழுத முடியாதும்மா. என்ன கட்டி, எங்க எடுத்தாங்க, எப்ப? டிஸ்சார்ஜ் சம்மரி வேணும்."

"அது... கோயில்ல இருக்கு."

"எங்க?"

"அந்தோணியார் கோயில்ல."

அவர் நர்சைப் பார்த்தார். நர்ஸ் சிரித்துவிட்டாள். "ஆஸ்பத்திரி நம்பராவது தெரியுமா? நம்பர் இருந்தா மதுரையில நகல் வாங்கலாம்" என்றார். நான் மதுரைக்குப் போன் செய்தேன். பதினோரு வருடத்துக்கு முந்தைய பெயர் கம்ப்யூட்டரில் இல்லை, நம்பரைச் சொல்லுங்கள் என்றார்கள். நம்பர் முதல் பக்கத்தில் மேல் மூலையில் இருக்கும். அதன் மேல்தான் சாட்சிக் கடிதம்.

சாவி வைத்திருப்பவர் உபதேசியார் இன்பமணி. குருசடியில் ஜெபம் நடத்துவது, விளக்குப் போடுவது, துறைமுகத்திலிருந்து வந்து படியும் நிலக்கரித் தூசியைக் கண்ணாடியிலிருந்து துடைப்பது எல்லாம் அவர்தான். ஒரு திங்கட்கிழமை அவர் துடைத்துக்கொண்டிருக்கும்போது போய்க் கேட்டேன். ஒரு நிமிடம் திறந்தால் போதும், மேல் மூலையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன்.

துடைப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "அந்தோணியாருக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்கியே, நோயையும் சேத்துக் கேக்கியோ?"

"அது என் பேப்பர், உபதேசியாரே."

"ஒன் பேப்பரா? நீ பேசுதியே, அந்தப் பேச்சே ஒன்னோடது இல்லளா. போ, வீட்டுக்குப் போ."

நான் வீட்டுக்கு நடந்து சேர்வதற்குள் அவர் அம்மாவுக்குப் போன் செய்து முடித்திருந்தார். அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே எழுந்து வந்தாள்.

"ஊனம்னு ஒனக்குச் சர்ட்டிபிகேட் வாங்கணுமோ? நான் முட்டுக்கால் போட்டு வாங்குன பிள்ளைக்கு ஊனமா?"

"கை நடுங்குதும்மா."

"எனக்கும்தான் நடுங்குது, நீ பண்ணுத காரியத்துல."

"ஒரு மணி நேரம் கூடக் கெடைக்கும். அவ்வளவுதான்."

"கல்யாணம் முடியட்டும். அடுத்த வருசம் எழுது."

"போன வருசமும் அடுத்த வருசம்னுதான் சொன்னீங்க."

அடி விழுந்தது. மீன் செதில் கன்னத்தில் ஒட்டியது.

கல்யாணம் என் அக்கா அனுஜாவுக்கு. அவள் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை மெல்வின், கப்பலில் இன்ஜினியர். அவனுடைய அம்மா ஞானபாக்கியம் சாத்தான்குளம் பக்கம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலிக்கு நேர்ந்துகொண்டு ஒன்பது செவ்வாய் இங்கே வந்தார். அப்போது என் தழும்பைத் தொட்டார், கடிதத்தை வாசித்தார், கண்ணீர் விட்டார். கடைசியில் என் அக்காவைக் கேட்டார். அந்தோணியார் கை வைத்த வீட்டில்தான் பெண் எடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தாராம். அதாவது, அந்தக் கடிதத்தைப் பார்த்து வந்த சம்பந்தம் அது.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணம் ஜனவரி முப்பது.

அன்றைக்கு ஆபீசிலிருந்து வந்த அனுஜாவிடம் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அனுஜா செருப்பைக் கழற்றாமலே என் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குன்னு ஒண்ணு நடக்குதது ஒனக்குப் பொறுக்கல, என்ன?"

"எனக்கு நம்பர் மட்டும் போதும்."

"பதினோரு வருசம் இந்த வீட்டுல எல்லாமே ஒனக்குத்தான். ஒனக்கு மதுரை, ஒனக்கு மாத்திர, ஒனக்கு நேர்ச்ச. எனக்கு ஒரு பெறந்தநாளாச்சும் கொண்டாடிருக்காங்களா? இப்பம் ஒரு மணி நேரத்துக்காவ என் வாழ்க்கையக் கேக்கா, பாத்தீங்களாம்மா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால் அவளை இன்னும் வெறுத்தேன்.

இரண்டாம் ஓலைக்குப் பிறகு வந்த செவ்வாய். ஞானபாக்கியம் தன் சொந்தக்காரர்கள் எட்டுப் பேரோடு வேனில் வந்து இறங்கினார். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்ப, பெட்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். அம்மா எனக்கு நீல நிறச் சுடிதார் போட்டு, முடி இல்லாத இடம் தெரியாமல் சீவி, நோட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். பேனாவை நான் கால்சட்டையின் நாடாவில் செருகியிருந்தேன்.

ஞானபாக்கியம் போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"மயினி, கண்ணாடியில என் மூஞ்சியில்லா விழுது. கடிதமே தெரியல. தொறக்கச் சொல்லுங்க."

"பெட்டியத் தொறக்கப் பங்குச்சாமிட்ட கேக்கணும்" என்றார் இன்பமணி.

"ஒரு போட்டோவுக்குச் சாமியாரக் கேக்கணுமோ? நீங்கதான இங்கன பெரிய சாமியாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். இன்பமணியும் சிரித்துவிட்டு, இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியை எடுத்தார். கதவு உப்புக்காற்றில் இறுகியிருந்தது. இரண்டு தடவை இழுத்ததும் திறந்தது. உள்ளிருந்து பழைய மெழுகுவர்த்தி வாசனை வந்தது.

நான் காகிதக் கட்டை எடுத்தேன்.

யாரும் தடுக்கவில்லை. படத்துக்காகக் கையில் பிடிக்கிறேன் என்று நினைத்தார்கள். "நெஞ்சுக்கு நேரா பிடிளா" என்றார் ஞானபாக்கியம். நான் கீழே உட்கார்ந்தேன். நின்றால் விழுந்துவிடுவேன். கடிதத்தின் மேல் மூலையில் நகத்தை நுழைத்தேன். பசை காய்ந்து கிடந்தது. கை நடுங்கியதால் நேராக உரியவில்லை. "பூரண" ஒரு பக்கமும் "சுகம்" ஒரு பக்கமுமாகக் கிழிந்து வந்தது.

"ஏளா!" என்றாள் அம்மா.

நம்பர் இருந்தது. ஏழு இலக்கம். வாசித்துவிட்டேன். ஆனால் எனக்கு வாசித்தால் போதாது. ஏழு இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு குருசடி வாசலைத் தாண்ட என்னால் முடியாது. யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், அழிந்துவிடும். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பேனாவை உருவி இடது முன்கையில் எழுத ஆரம்பித்தேன். ஒரு இலக்கம் எழுத எனக்கு மூன்று நொடி ஆகும். நடுக்கம் வந்தால் ஐந்து.

நாலு. ஒன்று. இன்பமணி என் தோளைப் பிடித்து இழுத்தார். ஏழு. ஒன்பது. அம்மா என் தலைமுடியைப் பிடித்தாள். தழும்புக்குப் பக்கத்தில், எந்த இடத்தை ஊர் தொட்டுக் கும்பிட்டதோ அதே இடத்தில். "ஊர் முன்னால என்னய நிக்க வச்சிட்டியேளா!" மூன்று. அப்போது கட்டு என் கையை விட்டுப் போய்விட்டது. ஆறாவதும் ஏழாவதும் அம்மாவின் கையில் இருந்தன. நான் அவள் மணிக்கட்டைக் கடித்தேன். அவள் விட்டாள். கட்டு தரையில் விழுந்தது. அதை எடுத்தது ஞானபாக்கியம்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். டீச்சர்கள் விடைத்தாளைப் பார்ப்பது போல முதல் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். பிறகு விரலை வைத்து வாசித்தார். கோயிலுக்குள் சத்தம் அடங்கியது.

"நாலு சென்டிமீட்டர் கட்டி. எடுத்துருக்காங்க. கொஞ்சத்த எடுக்க முடியாம விட்டிருக்காங்க. அதுக்குக் கரண்டு." பக்கத்தைத் திருப்பினார். "வளர்ச்சி நிக்கும், படிப்பு மந்தமாகும், வருசா வருசம் ஸ்கேன் எடுக்கணும். எல்லாம் எழுதிருக்கு. ஆக்னஸ், நீங்க என்ன சொன்னீங்க எங்கிட்ட?"

மயினி போய் ஆக்னஸ் ஆகியிருந்தது.

"தொறந்து பாத்தா ஒண்ணுமில்லன்னுல்லா சொன்னீங்க?"

அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவ பேசுனா, மயினி. இங்கன வச்சுத்தான் பேசுனா. இந்த எடத்துல. அது பொய்யில்ல" என்றாள். ஞானபாக்கியம் முதல் பக்கத்தை நிதானமாகப் படம் எடுத்தார். கட்டை இன்பமணியிடம் கொடுத்தார். அவர் அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார், முதல் பக்கம் சுவரைப் பார்க்கும்படி.

வேன் போன பிறகு நான் என் கையைப் பார்த்தேன். வியர்வையில் மூன்றாவது இலக்கம் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. கடைசி இரண்டு இல்லை. பயனில்லாத நம்பர்.

கல்யாணம் கலையும் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். கிழிக்கும்போதே தெரியும். தெரியாது என்று இங்கே எழுதினால், அது அம்மாவின் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டியதாகிவிடும்.

வியாழக்கிழமை படம் வந்தது. ஞானபாக்கியம் தன் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். அவர்கள் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் என்று கடற்கரை முழுக்கச் சுற்றி, கடைசியில் அனுஜாவின் ஆபீசில் பக்கத்து மேசைக்காரி மூலமாக அனுஜாவுக்கே வந்து சேர்ந்தது. கூடவே ஒரு குரல் பதிவு. "பாத்துக்கோங்க, புதுமை நடந்த வீட்டு லட்சணத்த. நல்ல வேள, மூணாவது ஓலைக்கு முன்னால தெரிஞ்சிச்சு. சாமியார்ட்டச் சொல்லிட்டேன்."

அனுஜா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். மத்தியானம் என்பதால் நான் படுத்திருந்தேன். போனை என் வயிற்றின் மேல் எறிந்தாள்.

"இந்தா. ஒனக்கு வேண்டியது இதுலதான் இருக்கு. எடுத்துக்கிட்டு ஒழி."

படத்தைப் பெரிதாக்கினேன். நல்ல வெளிச்சத்தில், ஆடாத கையால் எடுத்த படம். மூன்றாவது இலக்கம் ஏழு. ஆறாவது பூஜ்யம். ஏழாவது எட்டு. அனுஜா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் நோட்டை எடுத்து எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

போனைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை. மெல்வின் கப்பலேறுவதற்கு முன்னால் இரண்டு தடவை அவளுக்குப் போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்வரிசையும் பின்வரிசையும் காலியாக இருந்தன. அப்பா தோணியிலிருந்து பேசினார். "அம்மா சொல்லுததக் கேட்டிருக்கலாம்லா ஜெனோ" என்றார். பிறகு அலை இரைச்சல்தான் கேட்டது.

நகல் மதுரையிலிருந்து எட்டு நாளில் தபாலில் வந்தது. ஜனவரி இருபத்தெட்டு, புதன்கிழமை, மறுபடியும் அதே டாக்டர்.

"கோயில்ல குடுத்துட்டாங்களா?"

"இல்ல சார்."

கை, நடை, காது என்று தனித்தனியாகப் பார்த்து எழுதினார். பேச்சு என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். "ஏதாவது பேசு."

"என்ன பேச?"

"போதும்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். வருடா வருடம் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறதே, கடைசியாக எப்போது எடுத்தாய் என்று கேட்டார். எடுக்கவில்லை, சுகமாகிவிட்டது என்றேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரு சீட்டு எழுதித் தந்தார். போய் எடுத்தேன். விட்டு வைத்த கொஞ்சம் அப்படியே இருக்கிறதாம், வளரவில்லையாம். அம்மாவிடம் சொன்னேன். "நான் சொன்னா நம்ப மாட்ட, மெஷின் சொன்னாத்தான் நம்புவ" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய ஒரே பேச்சு அதுதான். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போவாள். மாத்திரை டப்பாவைத் தானாக எடுத்துத் தருவதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அம்மா குருசடிக்குப் போவதை நிறுத்தவில்லை. நான் இல்லாமல், பெட்டிக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நிற்கிறாளாம். வெள்ளித் தலை இன்னும் தொங்குகிறது. தொடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

சான்றிதழ் நகலை ஜனவரி முடிவதற்குள் கல்வி அலுவலகத்தில் சேர்த்திருந்தேன். ஏப்ரலில் பரீட்சை. நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம். எனக்குத் தனி அறை, எனக்கென்று ஒரு கண்காணிப்பாளர். முதல் நாளே அவர் என் மாற்றுத்திறனாளி அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பாத்தா நல்லாத்தான இருக்க? இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் ஒரு அட்ட" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கூச்சம் என்று நினைத்திருப்பார்.

கடைசிப் பரீட்சை சமூக அறிவியல். ஒன்றே காலுக்கு மணி அடித்தது. பக்கத்து அறைகளில் பெஞ்சுகள் இழுபட்டன. வராண்டாவில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிறகு பள்ளிக்கூடம் முழுக்க அமைதியானது. எனக்கு இன்னும் நாலு கேள்வி இருந்தது. கை வலித்தது. உள்ளங்கையைத் தொடையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டு எழுதினேன். கண்காணிப்பாளர் சாப்பாட்டுப் பையை மேசை மேல் எடுத்து வைத்தார். கொஞ்சம் கழித்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட தேதியோடு கடைசிப் பதில் முடிந்தது. பக்கங்களை எண்ணினேன். ஒரு பக்கமும் பாதியில் நிற்கவில்லை.

"முடிச்சிட்டல்லா?" அவர் என் பெஞ்சுக்கு வந்து நின்றார். "குடுத்துட்டுப் போம்மா. எனக்கு ரெண்டு மணிக்குப் பஸ்ஸு."

"இன்னும் நேரம் இருக்கு சார்."

"எவ்வளவு?"

"பத்தொம்பது நிமிசம்."

"அதான் எல்லாத்தையும் எழுதிட்டியே. சும்மா உக்காந்து என்ன பண்ணப் போற?"

நான் தாளின் மேல் இரண்டு முன்கைகளையும் வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் போய் மின்விசிறியை அணைத்தார். அது சுற்றி ஓய்ந்தது. வியர்த்தது. மணி இரண்டு ஆகவில்லை. இருந்தாலும் உடம்பு அணையத் தொடங்கியது, கண் இழுத்தது. பேனாவை மூடவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.